அழைப்பு மணிக்கு ஆட்சேபணை

வயிற்றெரிச்சலில் வாங்கிய சாமான் எதுவும் இந்த வீட்டில் உருப்பட்டதில்லை என்று லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி அடிக்கடி சொல்வாள். அவள் சொல்வதில் தப்பில்லை. அவளுடைய அக்கா வீட்டுக்காரர், அதாவது மெக்கானிக்குக்குச் சகலை, வீட்டுக்குள்ளேயே நடக்கிற இயந்திரம் ஒன்று வாங்கினார். மெக்கானிக்கும் வாங்கினார், அதில் இன்றைக்கும் ஈரத் துண்டுகள் நன்றாகக் காய்கின்றன. சகலை மீன் தொட்டி வைத்தார். மெக்கானிக் அதைவிட ஒரு சாண் பெரிதாக வைத்தார். மீன்கள் போய்ச் சேர்ந்தன, தொட்டியில் இப்போது வெங்காயம் இருக்கிறது. சகலை ஒன்றும் கெட்டவர் இல்லை. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, கசங்காத சட்டை, யாரிடமும் குரல் உயர்த்தாத சுபாவம். மெக்கானிக்கால் பொறுக்க முடியாமல் போனதே அதுதான். சகலையிடம் உருப்படியாக ஒரு குறை இருந்திருந்தால் இந்த மனிதர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

அந்தச் சகலை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தவர், கை கழுவிவிட்டு உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். மேஜை 'டொக்' என்றது. அவ்வளவு கனம். பின்மூடியை நகத்தால் நெம்பிக் கழற்றினார். உள்ளே அரிசி அரிசியாகச் சில விசைகள் இருந்தன.

"இத இப்படித் தள்ளினா மைக் செத்துப்போச்சு. இது கேமராவுக்கு. உலகத்துல எவன் நெனச்சாலும் இனிமே என்னை ஒட்டுக் கேக்க முடியாது" என்றார்.

சகலையை ஒட்டுக் கேட்க உலகத்துக்கு அப்படி என்ன முடை என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது. இது லினக்ஸில் ஓடுகிற போன், இதன் மென்பொருளில் ஒளிவுமறைவே கிடையாது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றெல்லாம் சகலை பொறுமையாக விளக்கினார். பிறகு மெக்கானிக்கின் போனைச் செத்த எலியைத் தூக்குவதுபோல் ஓரமாகப் பிடித்துத் தூக்கி, "இது உங்களுக்குச் சொந்தம்னு நெனக்கறீங்களா சகலை?" என்று கேட்டார்.

"பில்லு பீரோவுல இருக்கே" என்றார் மெக்கானிக்.

அக்காளும் தங்கையும் சிரித்துவிட்டார்கள். மனைவி அந்தக் கனமான போனை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை மெக்கானிக் தன் கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை. அந்த மாதம் முடிவதற்குள் அவரிடமும் அதே போன் இருந்தது.

போனைப் பற்றி அநியாயமாகப் பேசக்கூடாது. அது ஒரு முழுக் கம்ப்யூட்டர். அதில் நிரல் எழுதலாம், பழசைப் பிரித்துப் புதுசாகக் கோக்கலாம், கறுப்புத் திரையில் கட்டளை தட்டி அதன் வயிற்றுக்குள் நடப்பதையெல்லாம் வேடிக்கை பார்க்கலாம். குளிர்காலத்தில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் நெஞ்சுக்கு இதமாக இருக்கும். கூட்டல் கழித்தலுக்கான பலகை திறப்பதற்குள் மனக்கணக்காகவே போட்டுவிடலாம் என்பதால் மூளைக்கும் நல்லது. அதற்கு வராதது ஒன்றே ஒன்றுதான். யாராவது கூப்பிட்டால் அடிக்காது.

பேட்டரியை மிச்சப்படுத்த அது தூங்கும். தூங்குவதில் தப்பில்லை, எல்லாப் போனும் தூங்குகிறது. இது எழுந்திருக்கிற விதம்தான் வேறு. அழைப்பு வந்ததும் முதலில் திரை எழும், பிறகு வானிலைப் படம் எழும், பிறகு நாட்காட்டி, பிறகு எங்கெங்கோ தூங்குகிற சில்லறைகள் எல்லாம் சோம்பல் முறித்து எழும். கடைசியாக மணி எழுந்து வந்து பார்க்கும்போது கூப்பிட்டவர் அலுத்துப்போய் வைத்திருப்பார்.

மற்றவர்களுக்கு இது சௌகரியமாகக்கூட இருக்கலாம். மெக்கானிக்கின் பிழைப்போ போன் அடிப்பதில்தான் இருந்தது. ஊரில் பாதி லிஃப்ட்டுகளுக்குள், 'மாட்டிக்கொண்டால் அழைக்கவும்' என்று அவர் நம்பர்தான் ஒட்டியிருந்தது. பல் டாக்டர் ஒருவர், வாய் மரத்துப்போக ஊசி போட்ட நோயாளியை எக்ஸ்ரேக்காக மேல்மாடிக்கு அழைத்துப் போனவர், இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோனார். டாக்டர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மெக்கானிக்கின் சட்டைப் பையில் போன் அமைதியாக எழுந்து எழுந்து படுத்தது. மருந்து தெளிந்து நோயாளி அலறத் தொடங்கிய பிறகுதான் காவலாளிக்கு விஷயம் தெரிந்தது. மறுநாள் மேனேஜர் மெக்கானிக்கை உட்காரச் சொல்லவில்லை.

"இன்னொரு தடவ கூப்ட்டு நீங்க எடுக்கலேன்னு வந்துச்சுன்னா, பேசாம வேற வேல பாத்துக்கங்க" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் பழைய போனுக்குத் திரும்பியிருப்பார்கள். மெக்கானிக்குக்கும் அந்த யோசனை வந்தது. கூடவே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சகலை அந்தப் பழைய போனைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் புன்னகை செய்வதும் கண்முன் வந்தது. அவர் சொல்லித் தொலைத்தாலாவது பரவாயில்லை. சொல்லமாட்டார். வேலை போனாலும் போகட்டும், அந்தப் புன்னகையைப் பார்க்க முடியாது என்று மெக்கானிக் முடிவு செய்தார். போய் நைசாக விசாரித்துப் பார்த்தார்.

"உங்க போன் அடிக்குதா சகலை?"

"அடிக்கறதுன்னா, எந்த அர்த்தத்துல கேக்கறீங்க?"

"யாராச்சும் கூப்ட்டா."

சகலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒருத்தன் கூப்ட்ட ஒடனே நாம ஓடணுங்கறதே கம்பெனிக்காரன் நமக்குப் பழக்கி விட்டதுதானே" என்றார். அவருடைய போன் அடிக்கிறதா இல்லையா என்பது மெக்கானிக்குக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

இந்தப் போனின் மென்பொருளைக் கட்டிக் காப்பதற்கு ஒரு சங்கம் இருந்தது. பெயர் கட்டற்ற கைபேசிப் பேரவை. எதையும் யாரும் திருத்தலாம் என்பது அதன் கொள்கை. அப்படித் திருத்துவதற்கு நிலைக்குழுவின் ஐந்து பேரும் ஒப்பம் இடவேண்டும் என்பது அதன் விதி. போனோடு வருகிற வழிகாட்டியின் முதல் பக்கத்தில் ஒரு காற்புள்ளி அதிகமாக இருப்பதைச் சகலை கண்டுபிடித்தார். அதை எடுக்கலாமா என்று பேரவை ஒரு மழைக்காலம் முழுக்க விவாதித்தது. எடுத்துவிட்டால் பழைய பதிப்பைப் படித்துப் பழகியவர்கள் மூச்சு வாங்க எங்கே நிற்பார்கள் என்று ஒரு தரப்பு கேட்டது. கடைசியில் காற்புள்ளி போனது, சகலை பங்களிப்பாளர் ஆனார். அடுத்த தேர்தலில் வேறு யாரும் நிற்காததால் நிலைக்குழுவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இதோடு நின்றிருந்தால்கூட மெக்கானிக் எப்படியோ தாங்கியிருப்பார். ஒரு காலை போன் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு எழுந்தது. 'இதை உருவாக்கியோர்' என்ற திரையில் புதிதாக ஒரு பெயர் மின்னியது. சகலையின் பெயர். சொந்தக் காசில் வாங்கி, நெஞ்சோடு நெஞ்சாகப் பையில் போட்டுக்கொண்டு திரிகிற போனுக்குள் சகலை வந்து கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார். மனைவிக்கு ஒரே பெருமை. பால் ஊற்றுகிறவரிடம்கூட அந்தத் திரையைக் காட்டினாள். மெக்கானிக்குக்கு அன்று இட்ட சோறு இறங்கவில்லை.

பொறாமைக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அது சும்மா இருக்கவிடாது. லிஃப்ட்டுகளை ஓட்டுகிற பலகைகளுக்கு நிரல் ஏற்றிப் பழகியவர்தான் மெக்கானிக். பெரிய கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. இரண்டு தடவை போனை உயிரற்ற கட்டையாக்கி, கடையில் கொடுத்துக் கெஞ்சி உயிர் வாங்கி வந்தார். எந்த வரி எதை எழுப்புகிறது என்று தெரியாமல் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒரு சாயங்காலம், கடைசியில் எழுகிற மணியை வரிசையில் முதலாவதாகத் தூக்கி வைத்தார். ஒரே ஒரு வரி. சமையலறையிலிருந்து மனைவியைக் கூப்பிடச் சொன்னார். போன் அடித்தது. தொண்டை அடைத்த சேவல் மாதிரிதான் அடித்தது, ஆனால் அடித்தது. இன்னொரு தடவை கூப்பிடச் சொன்னார். இன்னும் ஒரு தடவை. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் லிஃப்ட்டோ மேனேஜரோ அவர் நினைவுக்கு வரவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 'உருவாக்கியோர்' திரைதான் வந்தது. காற்புள்ளி எடுத்தவர் கீழே. போனை அடிக்க வைத்தவர் மேலே.

பேரவை ஒரு பழைய அச்சகத்தின் மாடியில் கூடும். உறுப்பினர்கள் வட்டமாக உட்கார வேண்டும், ஏனென்றால் இங்கே பெரியவர் சிறியவர் இல்லை. தலைவரின் நாற்காலி மட்டும் வட்டத்துக்கு நடுவில் இருந்தது. பேச விரும்புகிறவர் தன் போனை உயர்த்திப் பிடிக்க வேண்டும். அது கனம் என்பதால் நீளமாகப் பேசுகிறவர்கள் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு பேசினார்கள். தலைவர் ஒரு கல்லூரியில் ஓய்வு பெற்றவர். போன் அடிப்பதில்லை, அதற்கு ஒரு வரித் திருத்தம் கொண்டுவந்திருக்கிறேன் என்று மெக்கானிக் சொன்னதும் அறையே அவர் பக்கம் திரும்பியது. தலைவர் எழுந்தார்.

"நண்பர்களே, பேரவை தொடங்கிய நாளிலிருந்து நாம் எந்தக் குறையையும் அவசரப்பட்டுத் தீர்த்ததில்லை. ஏன்? அடிக்கிற போன் ஊரில் எல்லாரிடமும் இருக்கிறது. அவர்கள் எங்கேயாவது கூடுகிறார்களா? விவாதிக்கிறார்களா? நம்மிடம் அடிக்காத போன் இருக்கிறது. அதனால் மாதம் தவறாமல் கூடுகிறோம். குறைதான் நம்மை ஒன்று சேர்த்தது. நாளைக்கே எல்லாம் சரியாகிவிட்டால் நான் மாலை நேரங்களில் எங்கே போவேன் என்பதையும் நண்பர் யோசிக்க வேண்டும்."

கைதட்டல் அடங்கியதும் செயலாளர் போனை உயர்த்தினார். இத்தனை காலம் அமைதிக்குப் பழகிய பயனாளர்கள், பையில் திடீரென்று ஏதோ அடித்தால் பயந்து போவார்கள், இதயம் பலவீனமானவர்களும் நம்மிடம் உண்டு என்றார். பொருளாளர், மணியின் சத்தம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு ஒரு துணைக்குழு வேண்டும், அதற்குத் தாமே தலைமை ஏற்கத் தயார் என்றார். கொள்கைக் காவலர் என்று ஒருவர் இருந்தார். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தூங்குகிறதை எழுப்பும் உரிமையை நமக்கு யார் கொடுத்தது என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தண்ணீர் குடித்தார். முடிவாக ஒரு நிபந்தனை போட்டார்கள். பரிசீலனையில் இருக்கும் திருத்தத்தை அதைக் கொண்டுவந்தவர் பயன்படுத்தக்கூடாது. பயன்படுத்தினால் அது வேலை செய்வது தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் பரிசீலனை நடுநிலையாக இருக்காது.

மெக்கானிக் அங்கேயே, அத்தனை பேர் முன்னால், தன் கையாலேயே அந்த வரியை அழித்தார். சகலை அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்தவற்றை விலாவாரியாகச் சொன்னால் பேரவையின் நடவடிக்கைக் குறிப்புபோல் ஆகிவிடும். மணி என்ற சொல்லில் அதிகார வாடை வீசுகிறது என்று 'நினைவூட்டும் ஒலி' ஆக்கினார்கள். பிறகு, யாருக்கு யார் நினைவூட்டுவது என்று கேள்வி வந்து மறுபடி மணி ஆனது. துணைக்குழு, சத்தத்தை அளப்பதற்கு அடிக்கிற போன் ஒன்று வேண்டும், அப்படி ஒன்று நம்மிடம் இல்லை என்று அறிக்கை கொடுத்தது. ஒருவர் பின் ஒருவராகக் களைத்துப்போய் நான்கு பேர் ஒப்பமிட்டார்கள். சகலை மட்டும் இடவில்லை.

அவருடைய ஆட்சேபணை, வரிக்கு முன்னால் விட்டிருந்த வெற்றிடம் பற்றியது. எட்டு இடம் விடவேண்டும், நான்குதான் விட்டிருக்கிறீர்கள் என்றார். மெக்கானிக் எட்டு விட்டார். அது போன மாதம்வரை இருந்த வழக்கம், இப்போது நான்கு என்றார். நான்காக்கியபோது, இப்படி அடிக்கடி மாற்றுவது திருத்தத்தின் நம்பகத்தன்மையைக் குறைக்கிறது என்று வருத்தப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் மெக்கானிக் அவருக்கு மூன்றாம் தடவை குழம்பு ஊற்றும்போது, "அந்த ஒப்பம் சகலை..." என்று இழுத்தார்.

"குடும்பத்த இதுல கொண்டுவரக் கூடாது சகலை" என்றார் அவர், தட்டை நகர்த்திக்கொண்டு.

இதற்கிடையில் ஒரு ஜவுளிக்கடை லிஃப்ட்டில் யாரோ மாட்டி, கடவுள் புண்ணியத்தில் தாமே கதவை உதைத்து வெளியே வந்தார்கள். இனித் தாங்காது என்று மெக்கானிக் ஒரு பட்டன் போன் வாங்கினார். விசைகள் தேய்ந்த, யாரோ விற்றுவிட்டுப் போன போன். புது நம்பரை மேனேஜரிடம் மட்டும் கொடுத்தார். லிஃப்ட்டுகளில் பழைய நம்பர் அப்படியே இருந்தது. பேரவைக்காரர் ஒருவர் கண்ணில் பட்டாலும் மானம் போய்விடும் என்பதால் அதைக் காலுறைக்குள் செருகிக்கொண்டார். கணுக்காலில் அடிக்கும்போதெல்லாம் தொண்டையைக் கனைத்துக்கொண்டே குனிவார். அந்த வட்டாரத்தில் அவருக்குக் காசநோய் என்று ஒரு பேச்சு கிளம்பியது.

ஆண்டுப் பொதுக்குழு வந்தது. உயரமான ஒரு வணிக வளாகத்தின் மேல்மாடி மண்டபத்தில் ஏற்பாடு. கட்டடத்தின் லிஃப்ட் மெக்கானிக்கின் பொறுப்பில் இருந்ததுதான். சகலையின் ஆட்சேபணையைப் பொதுக்குழுவில் வைத்து உடைப்பது என்று அவர் விடிந்ததிலிருந்தே சொற்களை மென்றுகொண்டிருந்தார். உறுப்பினர்கள் வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். நிலைக்குழு வரவில்லை. சாப்பாட்டு நேரம் நெருங்கியது. வரவில்லை. பெரிய முடிவு ஏதோ எடுக்கிறார்கள் என்று எல்லாரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

மெக்கானிக்கின் கணுக்கால் அதிர்ந்தது. கனைத்துக்கொண்டே வெளியே ஓடினார். மேனேஜர்தான். "நீங்க இருக்கற பில்டிங்லதான்யா லிஃப்ட் நிக்குது. உள்ளேருந்து உங்க நம்பருக்கு அடிச்சு அடிச்சுப் பாத்தாங்களாம். வாச்மேன் எனக்குக் கூப்ட்டுத் திட்டறான்."

மெக்கானிக் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். கனமான போன் இதமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். நிலைக்குழு ஐவரும், ஆண்டாண்டு கால விவாதக் குறிப்புகள் அடைத்த பெட்டிகளோடு லிஃப்ட்டில் ஏறியிருக்கிறார்கள். எடை அதிகம் என்று லிஃப்ட் கத்தியிருக்கிறது. ஒரு பெட்டியைத் தரையிலிருந்து எடுத்துப் பொருளாளரின் தலையில் வைத்திருக்கிறார்கள். எடை குறைந்துவிட்டதாக லிஃப்ட்டும் ஏமாந்ததோ என்னவோ, பாதி தூரம் ஏறி இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது.

மெக்கானிக் சாவியை எடுத்துக்கொண்டு படிகளில் இறங்கினார். எந்த மாடிக்கு இடையில் என்று தெரியவில்லை. ஒவ்வொரு தளத்திலும் கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். உள்ளே மணி அடித்தது. ஒன்று ஓய்வதற்குள் இன்னொன்று. பிறகு எல்லாம் சேர்ந்து. சாப்பாட்டுக்கு வராத கணவனை ஒரு வீட்டம்மாள் கூப்பிட்டிருக்கிறாள், அவள் சொல்லி அடுத்த வீட்டம்மாள் கூப்பிட்டிருக்கிறாள், இப்படி ஐந்து வீடும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

மெக்கானிக்குக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஓடியது. பேரவையின் போன் அடிக்காது. அடிக்க வைக்கிற ஒரே வரி சகலையின் மேஜையில் கிடக்கிறது. அப்படியானால் உள்ளே அடிப்பதெல்லாம் கம்பெனிக்காரன் போன். ஐந்து பேரும் ஒளித்து வைத்திருக்கிறார்கள். வேறு எங்கும் உதவி கேட்க, ஊர் நம்பர்களெல்லாம் இருக்கிற கம்பெனிக்காரன் போனை முதலில் வெளியே எடுக்கிறவன் நானாக இருக்கமாட்டேன் என்று ஒவ்வொருவரும் மற்ற நால்வரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, காலையிலிருந்து வியர்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பல வருஷங்களில் அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. வெளிக்கதவைத் திறந்து, உள்கதவை நெம்பினார்.

லிஃப்ட்டின் தரை அவர் மார்பளவில் இருந்தது. தலைவர் காலுறையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். செயலாளரின் மூக்குக்கண்ணாடிக் கூடு அதிர்ந்துகொண்டிருந்தது. கொள்கைக் காவலரின் இடுப்புக்குள் ஏதோ ஒரு சினிமா மெட்டு பாடியது. பொருளாளர் சாப்பாட்டு டப்பாவின் மூடியை அழுத்திப் பிடித்திருந்தார். சகலை மட்டும் சட்டைப் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். பேரவைப் போனின் உறைக்குள் வேறு போனைத் திணித்து வைத்திருக்கிறான், எவ்வளவு தந்திரம் என்று மெக்கானிக் மனதுக்குள் பல்லைக் கடித்தார்.

"சத்தம் கேட்டுச்சு" என்றார் மெக்கானிக், ஒவ்வொரு எழுத்தையும் ருசித்து. "வெளிய வரைக்கும் நல்லாவே கேட்டுச்சு."

மேலே மண்டபத்தில் மொத்தப் பேரவையும் உட்கார்ந்திருக்கிறது; இவர்களை இப்படியே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் போதும். மெக்கானிக் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய கணுக்கால் அடித்தது. மேனேஜர், லிஃப்ட் என்ன ஆயிற்று என்று கேட்கக் கூப்பிட்டிருந்தார். வழக்கம்போல் மெக்கானிக் கனைத்துப் பார்த்தார். அந்தக் குறுகலான இடத்தில் கனைப்பு எடுபடவில்லை. ஐந்து ஜோடிக் கண்களும் அவர் காலுறைக்கு இறங்கின.

தலைவர் மெதுவாக நிமிர்ந்தார். மேடைக் குரல் திரும்பி வந்துவிட்டது.

"நிலைக்குழு முழுமையாகக் கூடியிருக்கிறது. கூடியிருந்தபோது ஐந்து கைபேசிகளும் அடித்தன. திருத்தம் கொண்டுவந்த நண்பரே அதை வெளியிலிருந்து கேட்டதாகச் சொல்லிவிட்டார். அவருடையதும் அடித்ததை இப்போது நாம் கேட்டோம். ஆகவே கைபேசி அடிப்பதில்லை என்ற குறை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. திருத்தம் தேவையற்றது. இவ்வளவு கூர்மையான காது உள்ளவர் வெளியில் நிற்பது பேரவைக்கு நட்டம் என்று கருதி, இவரை நிலைக்குழுவுக்கு முன்மொழிகிறேன்."

"வழிமொழிகிறேன்" என்றார் பொருளாளர், டப்பாவை இன்னும் விடாமல்.

"இறங்கி வந்து பேசலாமே" என்றார் மெக்கானிக்.

"கூட்டம் நடக்குதுங்க" என்றார் செயலாளர். "நடுவுல எறங்கக் கூடாது."

குறை இல்லை என்ற தீர்மானத்துக்கு, குறை சொன்னவரின் ஒப்பமும் வேண்டும் என்று கொள்கைக் காவலர் நினைவூட்டினார். பெட்டியிலிருந்து ஒரு தாளை உருவி, லிஃப்ட் தரையில் மெக்கானிக்கின் மார்புக்கு நேராக வைத்தார்கள். அதை அவர் பார்த்தார். ஒப்பமிட்டால் சேவல் மாதிரி அடித்த அந்த வரி செத்தது. இடாவிட்டால் காலுறைப் போன் ஊருக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் சகலையின் அந்தப் புன்னகையும் வரும். இட்டால் சகலை உட்காருகிற குழுவில், சகலைக்குச் சமமாக, நாற்காலி. உண்மையில் அவர் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. 'என் கைபேசி நன்றாக அடிக்கிறது' என்று எழுதி ஒப்பமிட்டார். பிறகு ஒவ்வொருவராகக் கை கொடுத்து இறக்கிவிட்டார்.

ஐந்து பேர் குழுவில் ஆறாவது நாற்காலிக்கு விதி இல்லை என்று மண்டபத்தில் போய்த்தான் தெரிந்தது. அதனால் சகலையை மூத்த ஆலோசகராக உயர்த்தி, அவர் காலி செய்த இடத்தில் மெக்கானிக்கை உட்கார வைத்தார்கள். நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. சகலைக்குச் சால்வை போர்த்தியபோது மெக்கானிக்கும் கைதட்ட வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து, சகலை மெக்கானிக்கைப் பால்கனிக்கு அழைத்துப் போனார். கதவைச் சாத்தினார்.

"லிஃப்ட்ல என் பாக்கெட்ல அடிச்சது வேற போன் இல்ல சகலை. இதுதான்." போனை எடுத்துக் காட்டினார். பின்மூடியைக் கழற்றி, அதே விசைகளைக் காட்டினார். "உங்க திருத்தம் பரிசீலனைக்கு வந்த அன்னிக்கே போட்டுப் பாத்தேன். மொத தடவையே அடிச்சுது. என்கிட்ட ஒரே போன்தான் இருக்கு. இதுதான்."

மெக்கானிக் அந்த விசைகளை எட்டிப் பார்த்தார். "அப்ப ஏன் ஒப்பம் போடல?"

"நான் ஒரு காற்புள்ளிய எடுத்தவன். நீங்க போன அடிக்க வெச்சவரு. ரெண்டு பேரையும் ஒரே திரையில பக்கத்துல பக்கத்துல போட்டா என்னை எவன் பாப்பான்?" சகலை குரலைத் தாழ்த்தினார். "ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. பொறாமையா இருந்துச்சு சகலை."

நியாயப்படி மெக்கானிக் அவர் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் இத்தனை வருஷம் எரிந்த வயிற்றில் யாரோ ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதுபோல் இருந்தது. சகலைக்குப் பொறாமை. தன்மேல். திரையில் பெயர் வந்திருந்தால்கூட இவ்வளவு இனித்திருக்காது. இதை அவர் ஒருவரே கேட்டால் எப்படி? கதவைத் திறந்து மனைவியைக் கூப்பிட்டார். ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"சகலை என்னமோ சொல்றாரு, கேளு. சொல்லுங்க சகலை, இப்ப சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க."

சகலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணுமில்லம்மா. உங்க வீட்டுக்காரரு, போன்ல கொறையே இல்லன்னு தைரியமா எழுதிக் கையெழுத்துப் போட்டாரில்ல, அந்தப் பெருந்தன்மையப் பாராட்டிட்டிருந்தேன்" என்றார்.

மெக்கானிக்கின் ஒப்பம் பேரவையின் பெட்டியில் இருக்கிறது. என்ன சொன்னாலும் அது பொய்யாகும். அப்போது சகலையின் கையில் இருந்த போன் அடித்தது. தொண்டை அடைத்த சேவலின் குரல். சகலை அவசரப்படாமல், இன்னும் கொஞ்சம் அடிக்கவிட்டு, எடுத்துப் பேசிக்கொண்டே உள்ளே போனார்.

மனைவி அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்களும் வாங்கினீங்க, ரெண்டு நாள் அடிச்சிட்டு நின்னுபோச்சு" என்றாள். "அத்தானோடது பாருங்க, எவ்வளவு அழகா அடிக்குது."

பேச்சு முடிந்து, உள்ளே மணி மறுபடி அடித்தது. அது தன்னுடைய வரி என்று தெரிந்தும், தன்னுடையது என்பதாலேயே இன்னும் அதிகமாக, மெக்கானிக்குக்கு அந்தச் சத்தத்தின்மேல் பொறாமையாக இருந்தது.